கிகிமோரா கேட்ட படையல்

மீனாக்ஷியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உயிர்த்தோழிக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். அவளுக்கு வாய் அதிகம். தனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்லாமல் அவளால் ஒரு காபி குடிக்க முடியாது. ஆனால் அவள் புருஷன் சபரிநாதனை எனக்கு அதைவிடப் பிடிக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஜெபராணி. நாகர்கோவில் பக்கம். நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் நான் மாடியில், அவர்கள் எனக்கு நேர் கீழே. நான் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். என் வீட்டுக்காரர் அப்போது டெக்சாஸில் சுகர் லேண்டில் வேலையாக இருந்தார், லீவு கிடைத்தால் வருவார். ஆகவே பேச்சுத் துணைக்குக் கிடைத்தவர்களோடுதான் பேச வேண்டும். எனக்குக் கிடைத்தது மீனாக்ஷி. என் தலையெழுத்து.

சபரிநாதன் ஈரோட்டுக்காரன், சாஃப்ட்வேர். தொண்ணூற்றாறில் ஊருக்குப் போய் இவளைக் கட்டிக்கொண்டு வந்தான். சொந்தக்காரப் பெண்தான், ஆனால் சென்னையில் வளர்ந்தவள். மாஸ்கோவில் அச்சடித்து நம்ம ஊரில் சல்லிசாக விற்ற தமிழ்ப் புத்தகங்களை அவள் அப்பா கண்காட்சியில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் அதில் படம் பார்த்தார்கள். இவள் அதில் வந்த பேய்களைப் பிடித்துக்கொண்டாள். சென்னையிலேயே ருஷ்யன் கற்று, அப்புறம் தில்லிக்குப் போய் அதிலேயே எம்.ஏ.வும் வாங்கிவிட்டாள். அவள் வாங்கி முடிக்கவும் சோவியத் யூனியன் கவிழவும் சரியாக இருந்தது. கல்யாணச் சந்தையில் ‘எம்.ஏ.’ மட்டும் சொன்னார்கள். எதில் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கவே இல்லை. சபரிக்கு மட்டும் தெரியும்.

புருஷன் விசாவில் தொங்கிக்கொண்டு வரும் பெண்டாட்டிக்கு எச்-ஃபோர் என்று பெயர். வேலை பார்க்கக் கூடாது, சம்பாதிக்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாவிட்டால் கடைக்குக்கூடப் போக முடியாது. காம்ப்ளெக்ஸில் இருந்த மற்ற பெண்கள் அழுது, போன் கார்டு தீரும்வரை அம்மாவோடு பேசி, பிறகு பழகிக்கொண்டார்கள். மீனாக்ஷி அழவில்லை. லைப்ரரிக்கு நடந்தே போனாள். பனியில் நடந்தாள். கை நிறையப் பேய்களோடு திரும்பி வந்தாள்.

“பேய்னு சொல்லாத ஜெபா, பத்திக்கிட்டு வருது எனக்கு” என்பாள். “அந்த ஊர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், ஒரு இடம், ஒரு வேலை இருக்கு. வீட்டைக் காக்கறவன் ஒருத்தன். அடுப்புக்குப் பின்னாடி குடியிருக்கறவ ஒருத்தி. காட்டுல வழி மாத்தி விடறவன் ஒருத்தன். ஆத்துல விழுந்து செத்தவ ஒருத்தி. உச்சி வெயில்ல வயல்ல நின்னு கேள்வி கேக்கறவ ஒருத்தி. இவங்க எல்லாத்துக்கும் நம்ம ஆளு ‘பிசாசு’ன்னு ஒரே வார்த்தை போட்டு ட்ரான்ஸ்லேட் பண்ணி வெச்சிருக்கான். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு மூணையும் ‘தண்ணி’ன்னு சொல்றா மாதிரி!”

“உனக்குத் தெரிஞ்சா நீ பண்ணு” என்பேன்.

“பண்ணத்தான் போறேன்” என்பாள்.

அவள் சொன்னதில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. ரத்தம் குடிக்கிறவனை இங்கிலீஷ்காரன் கதையில் எடுத்துக்கொண்டு போய், அவனுக்குக் கோட்டையும் பிரபுப் பட்டமும் கொடுத்து, கன்னிப் பெண்களின் கழுத்தைத் தேட விட்டுவிட்டானாம். அந்த நாட்டுக் கிராமத்தான் சொன்ன ஆள் வேறாம். செவந்த மூஞ்சி, ஊதின வயிறு, சாதாரணக் குடியானவன். செத்த பிறகு திரும்பி வந்தால் முதலில் தேடிப் போவது சொந்தக் குடும்பத்தைத்தானாம். “வெளியாளைக் கடிக்கறதெல்லாம் எழுத்தாளன் கற்பனை, ஜெபா. அசல் பேய் வீட்டு ஆளைத்தான் முதல்ல கடிக்கும்” என்றாள். சபரி அப்போது சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர் வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கிளப் ஹவுஸில் வளைகாப்பு வைத்தோம். எல்லாரும் ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். இவள் முறை வந்தது. “பாட்டு வராது, கதை சொல்றேன்” என்று எழுந்தவள், நீரில் மூழ்கிச் செத்த பெண்கள் கோடை வந்தால் மரக்கிளையில் உட்கார்ந்து தலை சீவுவதையும், பேர் வைக்காமல் இறந்த குழந்தைகள் அவர்களோடு சேர்ந்துகொள்வதையும் கூச்சநாச்சமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். வயிற்றுப்பிள்ளைக்காரி முன்னால்! நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

“அறிவிருக்கா உனக்கு?” என்று கேட்டேன்.

“நல்ல கதை ஜெபா. பாதியில நிறுத்திட்ட” என்றாள்.

அன்றோடு அவளைக் கூப்பிடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். ‘அவளுக்கு ஏதோ இருக்கு’ என்று லாண்டரி ரூமில் பேசிக்கொண்டார்கள். இந்தப் பேச்சு சபரி காதுக்கும் போனது. மறுக்க வேண்டியவன் சும்மா இருந்தான்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. ஒன்று, மீனாக்ஷிக்கு வேறு மாநிலத்து யுனிவர்சிட்டி ஒன்றில் பிஎச்.டி. இடம் கிடைத்தது. ஃபீஸ் கிடையாது, மாணவர்களுக்கு ருஷ்யன் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு. சொந்தக் காலில் நிற்கிற விசா. அவள் ஆராய எடுத்துக்கொண்டது ருஷ்யக் கிராமங்களில் ‘கத்துகிறவள்’ என்று சொல்லப்பட்ட பெண்களை. பேய் பிடித்து, சர்ச்சில் பூசை நடக்கும்போது கீழே விழுந்து வேறு குரலில் கத்துவார்களாம். பழைய பெரிய நாவல்களில் அவர்கள் ஓரமாக வந்து கத்திவிட்டுப் போவார்களாம்.

“யாரு தெரியுமா ஜெபா அவங்க? பாதிக்கு மேல புது மருமகளுங்க. பேய் பிடிச்சிருக்கறப்போ மட்டும் அவ என்ன பேசினாலும் யாரும் கேட்டுத்தான் ஆகணும். பேசறது அவ இல்லையே!”

அவள் என்னிடம் முதன்முதலாகக் கர்வமில்லாமல் பேசியது அன்றுதான்.

விசா மாற்றுவதற்குப் பாஸ்போர்ட் காப்பியும், அதில் பின் அடித்திருக்கும் ஐ-94 என்ற நுழைவுச் சீட்டின் காப்பியும் மார்ச் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். சபரி அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பிரீஃப்கேஸில் வைத்துப் பூட்டி, பிரீஃப்கேஸைக் கார் டிக்கியில் போட்டுவிட்டான். “பேய்க்கதை படிக்கறதுக்கா உன்னை அமெரிக்கா கூட்டிட்டு வந்தேன்?” என்று கேட்டானாம். கார் சாவி எப்போதும் அவன் இடுப்பில்.

இரண்டாவது விஷயம், அவன் அம்மா புஷ்பவல்லி விசிட்டர் விசாவில் வந்து இறங்கியது. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் புடவை, அதற்கு மேல் மகனுடைய ஜாக்கெட் என்று திரிவாள். மருமகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரி விடுவாள். ஆனால் மீனாக்ஷி சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் பழைய கதைகளை மனப்பாடமாக ருஷ்யனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். பேய்க்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல். வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் பழகுகிறாளாம். பேய் பிடித்துவிட்டது என்று புஷ்பவல்லி முடிவு கட்டிவிட்டாள்.

மாடிப்படியில் என்னை மறித்தாள். “ஏனுங்கம்மிணி, உங்க வேதத்துல பேய் ஓட்டுவாங்களாமா?”

“ஆன்ட்டி, அது ருஷ்யன். அவ படிச்ச பாஷை. எம்.ஏ. அதுலதான பண்ணியிருக்கா.”

“அவளும் அதயேதானுங்க சொல்றா. என்ற பையன் அப்பிடிச் சொல்லுலீங்களே! எனக்கும் ஒண்ணும் புரியலம்மா, பயமாத்தான் இருக்குங்கறான்.”

அன்று சாயங்காலமே பார்க்கிங் லாட்டில் சபரியைப் பிடித்தேன். “ஏன் சபரி, அம்மாகிட்ட உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?”

அவன் சிரித்தான். “விடுங்கக்கா. அம்மா இருக்கறப்போ அவ கொஞ்சம் அடங்கியிருக்கா. மார்ச் எண்ட் தாண்டிட்டா அந்த அட்மிஷனும் எக்ஸ்பயர் ஆயிடும். அப்புறம் நானே அம்மாவுக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணிக்கறேன்.”

இவனெல்லாம் படித்தவன்! பெற்ற தாயின் பயத்தை எடுத்துப் பெண்டாட்டிக்குப் பூட்டாகப் போடுகிறான். “நல்லாயிருப்ப” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். மீனாக்ஷியிடம் சொன்னேன். அவள், “தெரியும்” என்றாள். வாய் ஓயாதவள் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் மாதக் கடைசி சனிக்கிழமை. உச்சி வேளை. கீழே வீட்டுக்குள் நடந்தது பிறகு மீனாக்ஷி சொல்லித்தான் எனக்குத் தெரியும். புஷ்பவல்லி ஊருக்குப் போன் போட்டு யாரையோ கேட்டு எல்லாம் தயார் செய்திருந்தாள். காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு, முச்சந்தி மண். நியூஜெர்சியில் முச்சந்திக்கு எங்கே போவது? எங்கள் காம்ப்ளெக்ஸ் ரோடு மெயின் ரோட்டில் சேருகிற இடத்துக்குச் சபரியே போய், பனிக்குப் போட்ட உப்போடு சேர்த்துச் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறான். வேப்பிலைக்குப் பதில் விளக்குமாறு. மீனாக்ஷியைக் கிச்சன் தரையில் உட்கார வைத்து, தலையை அவிழ்த்து, மஞ்சள் தண்ணியை ஊற்றி, விளக்குமாற்றால் தோளில் இரண்டு போட்டு, சுற்றிய மிளகாயை எலெக்ட்ரிக் அடுப்பின் பழுத்த சுருள் மேலேயே கொட்டினாள்.

புகை எழும்பியது. கெட்டது வெளியே போக வழி வேண்டும் அல்லவா? ஜன்னலைத் திறந்திருக்கலாம். ஆனால் போகிறது வாசல் வழியாகத்தான் போக வேண்டுமாம். வாசல் கதவைப் பப்பரப்பா என்று திறந்து வைத்துவிட்டாள். எங்கள் வாசல் கதவுகள் எல்லாம் பொது நடைக்குள் திறப்பவை. அங்கே இருக்கும் புகை மணி அடித்தால் கட்டிடம் முழுக்க அடிக்கும்.

அடித்தது. நான் குளித்து முடித்து ஈரத் தலையோடு இறங்கி ஓடி வந்தேன். மொத்தக் கட்டிடமும் பார்க்கிங் லாட்டில் நின்று இருமியது. குழந்தைகள், பூனையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர், டவல் கட்டிய ஆந்திராப் பையன், எல்லாரும். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது புஷ்பவல்லியின் சொந்தச் சாத்திரம். அதன்படி பார்த்தால் மீனாக்ஷி அளவுக்குத் திருஷ்டி இல்லாத பெண் அமெரிக்காவிலேயே கிடையாது.

“இது திருஷ்டி இல்லீங்கம்மிணி” என்றாள் புஷ்பவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பேயேதான்.”

மீனாக்ஷி நைட்டியும் சாக்ஸுமாக நின்றாள். மஞ்சள் தண்ணி தாடையில் சொட்டியது. அந்தக் குளிரில் உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஆத்திரம் தாங்காமல் வாயைத் திறந்தாள். வந்தது முழுக்க ருஷ்யன். திட்டினாளோ, கதை சொன்னாளோ, எனக்கென்ன தெரியும்? சபரியைப் பார்த்து, நிறுத்தாமல், தொண்டை கிழிய. எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

புஷ்பவல்லி போகவில்லை. தைரியத்தைச் சொல்ல வேண்டும். விளக்குமாற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மருமகள் முன்னால் வந்து நின்றாள். ஊரில் பேய் ஓட்டும் கோடாங்கி கேட்கிற கேள்வியை அப்படியே கேட்டாள்.

“சொல்லு! ஆருடி நீ? எங்கிருந்து வந்த?”

மீனாக்ஷி நிறுத்தினாள். மாமியாரைப் பார்த்தாள். அப்புறம் சபரியைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். குரலைத் தணித்து, கட்டைக் குரலில் தமிழில் பேசினாள்.

“பனி ஊரு. வடக்க ரொம்ப தூரம்.”

“பேரு?”

“கிகிமோரா.”

“எதுக்கு என்ற மருமவளப் புடிச்ச?”

“நான் குடியிருக்கற இடம் அடுப்புக்குப் பின்னாடி. வந்து பாத்தேன். அங்க இவ உக்காந்திருந்தா.”

சத்தியமாகச் சொல்கிறேன், பாவம் என்று அவளைப் பார்த்து நான் நினைத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

“என்ன குடுத்தாப் போவ? கோழி வேணுமா? சேலை வேணுமா? கேளு!”

“பாஸ்போர்ட்.”

தூரத்தில் ஃபயர் வண்டியின் சத்தம் கேட்டது.

“என்னது?”

“இவ பாஸ்போர்ட். உன் பையன் கார் டிக்கியில பூட்டி வெச்சிருக்கான். அதை இவ கையில குடு. நான் போயிடறேன்.”

“அம்மா, ஆக்ட் பண்றாம்மா!” என்று சபரி பாய்ந்தான். “டிராமா!”

புஷ்பவல்லி அவன் பக்கம் திரும்பினாள். “டிக்கியில இருக்குதாடா?”

அவன் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

“இருக்குதான்னு கேட்டேன். வீட்டுக்குள்ள இருந்தவளுக்கு அது எப்பிடிடா தெரியும்?”

“அவளுக்குத் தெரியும்மா, நான்தான்... அது வந்து...”

“இவ நடிக்கறான்னா இத்தன நாளா உனக்கு ஏன்டா பயமா இருந்துச்சு? புரியாத பாஷைன்னு நீதானடா எங்கிட்டச் சொன்ன? எங்கிட்டப் பொய் சொன்னியா?”

ஆப்பசைத்த குரங்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அன்று நேரில் பார்த்தேன். ‘அது ருஷ்யன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், தெரிந்தே அம்மாவைப் பயமுறுத்தி, தெரிந்தே பெண்டாட்டியை அடிக்க விட்டவன் என்று மொத்த காம்ப்ளெக்ஸ் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபயர் வண்டி வளைவில் திரும்பியது. அதன் பின்னாலேயே போலீஸ் காரும்.

நான் அவன் காதருகே போனேன். “குடுத்துடு சபரி. போலீஸ் வந்து, இவ ஏன் ஈரத்தோட நிக்கறா, தோள்ல என்ன தடிப்புன்னு கேட்டா, நான் நர்ஸ். பாத்ததைப் பாத்த மாதிரியே சொல்லுவேன்.”

“அக்கா, நீங்களுமா?”

“நான் எப்பவுமே உன் பக்கம் இல்லப்பா.”

“குடுடா!” என்று புஷ்பவல்லி கத்தினாள். “பேய் கேட்டதக் குடுக்காம விட்டா வம்சத்துக்கே ஆகாது! எடுடா சாவிய!”

டிக்கியைத் திறந்தான். பிரீஃப்கேஸ் பூட்டு இரண்டு தடவை வழுக்கியது. நீல அட்டைப் பாஸ்போர்ட்டைப் புஷ்பவல்லி அவனிடமிருந்து பிடுங்கி, கண்ணில் ஒற்றி, மூன்று தடவை மருமகள் தலையைச் சுற்றி, அவள் கையில் வைத்தாள். மீனாக்ஷி திறந்து பார்த்தாள். ஐ-94 இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். எந்தப் பேயும் இவ்வளவு கவனமாகப் படையலைச் சரிபார்த்திருக்காது.

“வாங்கிக்கிட்டயல்ல? இனி வர மாட்டேன்னு சத்தியம் பண்ணு!”

புஷ்பவல்லி நீட்டிய உள்ளங்கையில் மீனாக்ஷி ஓங்கி அடித்தாள். “சத்தியம். இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன். போறேன்.”

புஷ்பவல்லி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அப்படியே மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகனுடைய ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். முந்தானையால் முகத்து மஞ்சளைத் துடைத்துவிட்டாள். அதை மீனாக்ஷி தடுக்கவில்லை. ஃபயர்காரர்கள் கருகிப்போன மிளகாயை வெளியே கொண்டுவந்து, இது என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல ஒரு இந்தியனும் முன்வரவில்லை.

“முடிஞ்சுதுடா சபரி, போயிருச்சு” என்றாள் புஷ்பவல்லி. “வா கண்ணு, உள்ள போலாம். சூடா ரசம் வெச்சுத் தாரேன்.”

மீனாக்ஷி என்னிடம் வந்தாள். “கார் சாவி இருக்கா?” என்றாள். தயவுசெய்து என்ற வார்த்தை அவளுக்குச் சாகும்வரை வராது. நான் காரைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ரிவர்ஸ் எடுத்தேன்.

புஷ்பவல்லி கார் ஜன்னலைத் தட்டிக்கொண்டே கூட ஓடி வந்தாள். “பேய்தானே போறேன்னுச்சு? நீ எங்கடி போற?”